துவைக்கத் துவைக்க வரும் கறை

என் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்து எனக்கு முதலாளியாகிப் போன வளர்மதிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். "இங்க எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமா திரியிறாங்க அண்ணி, பாக்கவே சகிக்கல" என்பாய். அதனால் கேட்கவில்லை. நீ போனபிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இருந்தவரை என்னை ஒரு வார்த்தை முழுசாகப் பேச விட்டதில்லை நீ. இப்போது குறுக்கே பேச முடியாது, எனக்கு அந்த ஒரு வசதிதான்.

பங்குனி பிறந்துவிட்டது. மீன்சுருட்டி ரோட்டில் நம் முந்திரிக் கொல்லையில் போன வருஷத்தைவிடக் காய்ப்பு அதிகம். சேகர் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். உன் செருப்பை இன்னும் வாசலில் இருந்து எடுக்க விடவில்லை. நான் கூட்டும்போது நகர்த்துகிறேன், கூட்டி முடித்ததும் அதே இடத்தில் வைக்கிறேன்.

கடைக்கு வருகிறேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'கறை' என்ற போர்டு அப்படியே தொங்குகிறது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். ஆடியில் நீ போய் மூன்று மாதம்கூட ஆவதற்குள் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய துணிக் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். நம் கடைப் பெயரையும் நீ போட்ட கறைகளையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். மெஷினில் அச்சடித்து ஊர் ஊருக்கு விற்பார்களாம். எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் ஒரே கறை. வந்த பெண் நல்ல பிள்ளைதான். பங்குனி முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? சரி என்று சொல்லத்தான் இருந்தேன். சேகரும் அதையே சொன்னான். "அவளே போயிட்டா, இனிமே யாரு கறை போடப் போறா? பேராச்சும் நெலைக்கட்டும்க்கா" என்றான். அதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும், நீயே சொல்லு. நான் தைக்கிறவள். நேர்கோடு தவிர என் கைக்கு எதுவும் தெரியாது. கறை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது என்பது உனக்குத் தெரியாததா?

நீ நம் வீட்டுக்கு வந்த முதல் சித்திரையை நினைத்துப் பார்க்கிறேன். கல்லங்குறிச்சிப் பெண், காலேஜில் துணி வடிவமைக்கப் படித்தவள், திருப்பூரில் கம்பெனி வேலை பார்த்தவள் என்று அம்மா தெருவெல்லாம் பெருமை அடித்து வைத்திருந்தாள். நீ சந்தனக் கலர்ப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து முந்திரிப்பழத்தைக் கடித்துச் சாற்றை மடியெல்லாம் வடியவிட்டு வந்தாய். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும், யூனிஃபார்மோடு முந்திரிப்பழம் தின்னக் கூடாது என்று. அந்தச் சாறு பட்ட அன்றைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போட்டபிறகுதான் பழுப்பு ஏறும். மறுபடி துவைத்தால் இன்னும் ஏறும். துவைக்கத் துவைக்கப் போகிற கறையைத்தான் உலகம் பார்த்திருக்கும், எங்களுடையது துவைக்கத் துவைக்க வருகிறது.

"போச்சு. இனிமே அது கரித்துணிதான்" என்றேன் நான். நீ அந்தச் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து, விரித்து, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். "அண்ணி, இது எப்படி வரும்னு எனக்கே தெரியாது பாருங்க" என்றாய். எனக்கு அது கிறுக்குப் பேச்சாகப் பட்டது. அடுத்து வந்த கிரகப்பிரவேசத்துக்கு அதையே கட்டிக்கொண்டு நீ கிளம்பியபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தி விடாமல் உன் மடியையே பார்த்தார்கள். நீ சாவகாசமாக ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அன்றைக்கே எனக்கு உன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நான் புருஷன் வீட்டை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். என் கடையில் பாதியை நீ கேட்டாய். கேட்டாய் என்பது என்ன, எடுத்துக்கொண்டாய். போர்டு எழுத வந்தவர் தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டு, "ஏம்மா, நாலு நல்ல பேரு இருக்கு, சாமி பேரு இருக்கு. இது என்னா பேரு?" என்று என்னைத்தான் கேட்டார். அந்தம்மாவையே கேளுங்க என்று உன்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் யோசனை எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. பழச்சாற்றில் தண்ணீர் கலந்து, தறியில் நெய்த வெள்ளைத் துணியில் கையாலும் இலையாலும் கறை வைப்பாய். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை நான் சட்டையாக, சுடிதாராக, ரவிக்கையாகத் தைப்பேன். வாங்குகிறவர்கள் வெள்ளையாகத்தான் வாங்கிப் போவார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீரில், அவர்கள் வீட்டு சோப்பில், அவர்கள் மொட்டைமாடி வெயிலில் அது மெல்ல மேலே வரும். "துணி முடிஞ்சிட்டுன்னு தைக்கிறவங்க சொல்லக் கூடாது அண்ணி. உடுத்துறவங்க சொல்லணும்" என்பாய். தைத்து முடித்துப் பொத்தான் வைத்துக் கொடுக்கிற எனக்கு இது ஒரு கேலியாகவே இருந்தது.

அந்த டீச்சர் சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நாலைந்து துவைப்பு முடிந்து சுடிதாரைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். "நான் வாங்குனது வெள்ளத் துணி. இது என்னா? எங்க ஸ்கூல்ல நான் எப்படிப் போய் நிக்கறது?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"வரணும்னுதாங்க டீச்சர் குடுத்தோம். வாங்குறப்பவே சொன்னேனே."

"கறை வரும்னு சொன்னீங்க. சும்மா வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். கறைய யாராச்சும் கடையில வாங்குவாங்களா?"

"ஒரு மாசம் போட்டுப் பாருங்க. புடிக்கலன்னா கொண்டாங்க, எடுத்துக்கறேன்."

அவர் கொண்டுவரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வந்து, கூச்சத்தோடு, "இன்னும் அழுத்தமா வருமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கறை படிந்து வருகிற பிள்ளைகளை இப்போது திட்ட மனசு வருவதில்லை என்று அந்த டீச்சர் ஒருநாள் சொன்னபோது, நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பட்டணத்தில் துணிக் காட்சிக்கு மேடை போட்டுக் கூப்பிட்டார்கள், விளக்கு, பாட்டு எல்லாம் உண்டு என்றார்கள். நீ போகவில்லை. "துணி நடக்கணும்னா மேடை எதுக்கு, பஸ்ஸு ஏறி எறங்கட்டும்" என்று மீன்சுருட்டி டவுன் பஸ்ஸில் காட்சி வைத்தாய். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்கு நம் துணியை உடுத்தி, ஸ்டாப்புக்கு ஒருத்தியாக ஏற்றிவிட்டாய். கொட்டையிலிருந்து தெறிக்கிற எண்ணெயில் வெந்து கறுத்த விரல்களோடு அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "என்னம்மா, ஏர்றவங்கள்லாம் கறையாவே ஏர்றீங்க. எங்கயாச்சும் அடிதடியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நம் சரோஜா, கொட்டை உடைக்கிற பெண்களிலிருந்து நீ கடைக்குக் கூட்டிவந்த அதே சரோஜா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கண்டக்டரு சட்டையில மட்டும் மசி இல்லையாக்கும்? அதுக்குப் பேரு என்னாவாம்?" என்று கேட்டாள். அவர் குனிந்து தன் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண்களில் யாரையும் அன்றைக்கு முன்பு அத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நீ எதையும் பார்த்துக்கொண்டே இருப்பாய். ஓட்டலில் சாப்பிடப் போனால் இலையைப் பார்க்க மாட்டாய், கைகழுவிவிட்டு வருகிறவர்கள் ஈரத்தை எங்கே துடைக்கிறார்கள் என்று பார்ப்பாய். சிலர் வேட்டியில், சிலர் தலைமுடியில். சரோஜா இரண்டு கையையும் சேர்த்து வயிற்றில் அப்பிக்கொள்வாள். மெஷின் எண்ணெய் பட்டால் நான் வலது இடுப்பில் துடைப்பேன். ஒரு தடவை ஊசி ஏறி இறங்கியதிலிருந்து என் கட்டைவிரல் மடங்காது அல்லவா, மற்ற நான்கு விரலும் துணியில் இழுக்கும், அது மட்டும் தனியாக நிற்கும். "அண்ணி கை தொடைக்கறப்ப கட்டவெரலு மட்டும் லாரிக்குக் கை காட்டுது" என்று நீ கடையே சிரிக்கும்படி சொல்வாய். நான் எப்போதும் கருநீலம், இல்லாவிட்டால் காப்பிக் கலர்தான் கட்டுவேன், எண்ணெய் தெரியாது. "கண்ணுக்கே தெரியாத கறை யாருக்கு அண்ணி பிரயோசனம்?" என்பாய். போடி என்பேன்.

எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பாய், ஒன்றைத் தவிர. ஒருத்தர் கறையை இன்னொருத்தர் போடக் கூடாது. திருச்சியிலிருந்து வந்தவர்கள் டீச்சர் சுடிதாரில் வந்த மாதிரியே வேண்டும் என்று கேட்டபோது முடியாது என்று அனுப்பிவிட்டாய். சரோஜா ஒருமுறை உன் கையை அப்படியே நடித்து ஒரு துணியில் கறை வைத்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நீ கோபப்படவில்லை. அதைத் துண்டு துண்டாக வெட்டி மெஷின் துடைக்கப் போட்டுவிட்டு, "இதுல நான் இருக்கேன் சரோசா. நீ எங்க இருக்க?" என்றாய்.

அந்தச் சட்டம்தான் நீ போனபிறகு என் கழுத்தைப் பிடித்தது. நீ இல்லாமல் 'கறை' என்ற பெயரில் நான் எது செய்தாலும் அது உன் கையை நடிப்பதுதானே? கம்பெனிக்காரர்கள் அச்சடித்தாலும் நடிப்பு, நான் செய்தாலும் நடிப்பு. அவர்களாவது சுத்தமாகச் செய்வார்கள். இப்படித்தான் நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அதற்குள்ளே ஒரு கோபமும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவரைப் பற்றிப் பேசினாய், இவரைப் பற்றிப் பேசினாய், சேகருக்கு எதில் உப்புக் குறைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னாய். கடையை என்ன செய்ய என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை எதுவுமே இல்லாமல் விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

இனிமேல்தான் நீ சிரிக்கப் போகிறாய்.

கருமாதி அன்று குளக்கரையில் காரியம் முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டு வருகிற பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் வீட்டார் துண்டு போட வேண்டும், தெரியும்தானே. சேகர் துண்டு வாங்கித்தான் வைத்திருந்தான். ஆனால் உனக்காக வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உறவுமுறை சொல்லிக்கொண்டு யார் யாரோ முழுக்குப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். துண்டு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. பெரியப்பா முறையில் ஒருவர், "ஏம்மா அஞ்சல, தலையே காஞ்சி போச்சி. துண்டு வருமா, நான் இப்படியே பஸ் ஏறட்டுமா?" என்று சத்தம் போட்டார். வளர்மதி கருமாதியில் துணி இல்லை என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. சேகர் தோழனின் வண்டியில் ஏறிக் கடைக்கு ஓடினேன்.

பீரோவில் வெள்ளைத் துணி அடுக்காக இருந்தது. கறை வைத்த துணி என்றால் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவாய், நான் குழம்பிவிடக் கூடாது என்று நீயே ஏற்படுத்திய வழக்கம். புரட்டிப் பார்த்தேன், எதிலும் சிவப்பு நூல் இல்லை. முகர்ந்துகூடப் பார்த்தேன், பழ வாசனை இல்லை. சரி, வெறும் துணி என்று கத்தரியைப் போட்டேன். துண்டு துண்டாகக் கிழித்து, எடுத்துப்போய், ஒவ்வொரு தோளாகப் போட வைத்தேன். கடைசியில் மிஞ்சிய ஒரு துண்டில் கத்தரியைச் சுற்றிக் கொண்டுவந்து கடை மேஜை இழுப்பறையில் வைத்தேன். பெரியப்பா துணியைத் தடவிப் பார்த்து, "தடிப்பாத்தான் இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் உன் அண்ணன் ராசேந்திரன் மச்சான் கல்லங்குறிச்சியிலிருந்து வந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அஞ்சல, கருமாதித் துண்டுல என்னத்தத் தடவிக் குடுத்த?"

"நான் என்னத்த மச்சான் தடவப் போறேன்?"

அவர் பையிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். நடுவில் பழுப்பாக, அகலமாக, இரண்டு கை அப்பிய மாதிரி ஒரு கறை. "தொவைச்சா போகும்னு பாத்தா ஏறிக்கிட்டே போவுது. செத்த வூட்டுத் துண்டுல இப்படி வந்தா ஆவாதுன்னு எங்க வூட்ல கொளுத்தச் சொல்றா. உங்க பெரியப்பா வூட்லயும் இதே கதைதான். மீன்சுருட்டியில ரெண்டு வூட்ல பூசாரிய கூப்புடப் போறாங்களாம்."

உள்ளே பொத்தான் வைத்துக்கொண்டிருந்த சரோஜா எட்டிப் பார்த்தாள். துண்டை வாங்கி விரித்துப் பார்த்தாள், தன் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து அந்தக் கறையின் மேல் அப்பினாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

"அக்கா, இது நான் கை தொடைக்கறது" என்றாள். உடனே முகம் சிவந்து துண்டைக் கீழே போட்டுவிட்டாள். "அய்யய்யே, இத்தன நாளும் இவரு தோள்ல என் கையா கெடந்துது."

உன் அண்ணன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். வளர்மதி கடைசியாகச் செய்துவைத்துவிட்டுப் போன துணி இது, தெரியாமல் கத்தரித்து உங்கள் தோளிலெல்லாம் போட்டுவிட்டேன் என்றேன். துண்டைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மடித்தார்.

"குடுங்க மச்சான். எல்லாத்தையும் திருப்பி வாங்கி ஒண்ணாச் சேத்து வைக்கிறேன்" என்றேன்.

"எதுக்குக் குடுக்கணும்? எந் தங்கச்சி எனக்குப் போட்ட துண்டு. போ, போயி வேலையப் பாரு" என்றார். தோளில் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பெருமாள் கோயிலுக்கும் அதையே போட்டுக்கொண்டு போகிறார் என்று கேள்விப்படுகிறேன். கேட்கிறவர்களிடம், இது சாதாரணக் கறை இல்லை, என் தங்கச்சி கண்டுபிடித்தது என்கிறாராம். யார் கை என்று மட்டும் சொல்வதில்லையாம்.

அவர் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். கத்தரியைச் சுற்றியிருந்த துணி வெள்ளையாகத்தான் இருந்தது. கடைக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டேன். கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சரோஜா, "போயி ஒக்காருங்கக்கா, அது என்ன ஓடியா போவப் போவுது" என்றாள். முதல் துவைப்பில் ஒன்றும் இல்லை. மறுநாள் மறுபடி துவைத்தேன். மூன்றாவதில் மங்கலாக ஒரு கோடு எழும்பியது. பிறகு ஒன்று. பக்கத்தில் இன்னும் இரண்டு.

நான்கு விரல் தடம், வளர்மதி. மேலிருந்து கீழே, கொஞ்சம் சரிந்து. கட்டைவிரல் இல்லை.

அந்தத் துணியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படிச் செய்தாய் என்று எண்ணிப் பார்க்கிறேன். உடம்பு முடியாத சித்திரையில், நான் ரவிக்கைத் துணி எடுக்க வெளியூர் போயிருந்த ஏதோ ஒரு நாளில், சாற்றில் கையை நனைத்து, உன் நல்ல கட்டைவிரலை மடக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை மாதிரியே துடைத்திருக்கிறாய். சரோஜாவாக ஒன்று, நானாக ஒன்று, இன்னும் யார் யாராகவோ. ஒருத்தர் கறையை இன்னொருத்தர் போடக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. சரோஜா துணியை நீ வெட்டியபோது நான் பக்கத்தில்தானே இருந்தேன்? பிறகு எதற்காக மீறினாய்? சிவப்பு நூல் ஏன் போடவில்லை? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரமா? இல்லை, இந்த அண்ணி அவளாகவே துவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றா? கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உன்மேல் கோபமாக இருந்தேனே, அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் என் மடங்காத விரலை அதுவரை ஒரு குறையாகத்தான் பார்த்திருக்கிறேன். நீ கேலி செய்தபோதும் அப்படித்தான். நீ அதை உன் கையால் செய்து பார்த்திருக்கிறாய். இதைவிடப் பிரியமாக என்னை யாரும் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டு போனவன் பார்த்ததில்லை, பெற்றவள்கூடப் பார்த்திருப்பாளா தெரியாது.

போன வாரம் கம்பெனிப் பெண்ணுக்கு போன் செய்தேன். பெயரைத் தர முடியாதும்மா என்றேன். ஏன் என்று கேட்டாள். இன்னும் துவைத்து முடிக்கவில்லை என்றேன். புரிந்ததா தெரியவில்லை, சரிங்க ஆன்ட்டி என்று வைத்துவிட்டாள். சேகர் கேட்டுக்கொண்டே நின்றான். "அப்ப யாருக்கா கறை போடுவா?" என்றான். கையை நீட்டிக் காட்டினேன். என் விரலை அப்போதுதான் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

மீன்சுருட்டி பஸ்ஸில் ஏறினால் இப்போதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. முன் சீட்டில் ஒரு கிழவர் தோள் துண்டில் ஒரு கை, பின்னால் இன்னொருத்தர் தலைக்கட்டில் இன்னொரு கை. பூசாரியைக் கூப்பிடப் போனவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள், உன் அண்ணன் வீடு வீடாகப் போய்ப் பேசினாராம். நீ பார்த்தால் இதுதான் நம்முடைய நல்ல காட்சி என்று சொல்வாய். நான் ஏற்பாடு செய்தது என்று நானும் சொல்லிக்கொள்வேன்.

இன்றைக்குக் காலையில் கொல்லையில் முதல் பழம் விழுந்திருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். வாழ்நாளில் முதல்முறையாக எனக்கென்று வெள்ளைத் துணியில் ஒரு ரவிக்கையும் சேலையும் எடுத்திருக்கிறேன், இடுப்புப் பக்கம் நீ துடைத்த துண்டை வைத்துத் தைத்துவிட்டேன். அதற்குப் பக்கத்திலேயே நான் என் கையால் துடைக்கப் போகிறேன். உன்னை நடிக்க மாட்டேன், அது சத்தியம். சாற்றில் கையை வைத்தால் எனக்குக் குமட்டும், பரவாயில்லை. இனி எண்ணெய் பட்டாலும் சாறு பட்டாலும் அந்த வெள்ளையில்தான் துடைப்பேன். இரண்டு தடமும் ஒன்றாகப் பழுத்து வருகிறதா என்று ஒவ்வொரு துவைப்புக்கும் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து உனக்குச் சொல்வேன்.

கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டே,
உன் நாத்தனார்
அஞ்சலை